ஸ்கோப் (ரூபி ஆன் ரெயில்ஸ்)

ஸ்கோப் என்பது ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வலைச் செயலிச் சட்டகத்தில், தரவுத்தளத்தை வினவும்போது மீண்டும் மீண்டும் தேவைப்படும் வடிகட்டல் நிபந்தனைகளுக்குப் பெயரிட்டு, அவற்றை ஓரிடத்தில் வரையறுத்து, வேண்டிய இடங்களில் அப்பெயராலேயே அழைத்துப் பயன்படுத்த உதவும் வசதியாகும். தமிழில் இதனைப் பெயரிட்ட வடிப்பான் எனலாம். ரெயில்ஸின் ஒரு கூறான ஆக்டிவ் ரெக்கார்டு நிரலகத்தில் இது அடங்கியுள்ளது. 2008 ஆம் ஆண்டு வெளியான ரெயில்ஸ் 2.1 பதிப்பில் நேம்டு ஸ்கோப் என்ற பெயரில் அறிமுகமாகி, 2010 ஆம் ஆண்டின் 3.0 பதிப்பு முதல் ஸ்கோப் என்றே வழங்கி வருகிறது. ஜாங்கோ, லாராவெல் முதலிய சட்டகங்களிலும் இதையொத்த வசதிகள் உள்ளன.

தேவை

பல கிளைகளைக் கொண்ட ஒரு பொது நூலகத்தின் இரவல் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு நூல் "தவணை கடந்தது" என்று எப்போது கருதப்படும்? திருப்பித் தர வேண்டிய நாள் கடந்திருக்க வேண்டும். நூல் இன்னும் திரும்பி வந்திருக்கக் கூடாது. அது தொலைந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கவும் கூடாது. ஆக, மூன்று நிபந்தனைகள் சேர்ந்தே ஒரு கருத்து உருவாகிறது. இக்கருத்து முகப்பு மேசையின் பக்கத்தில் ஒரு முறையும், வாசகருக்கு நினைவூட்டல் அஞ்சல் அனுப்பும் நிரலில் ஒரு முறையும், தண்டத்தொகை கணக்கிடும் இடத்தில் ஒரு முறையும், மாதாந்த அறிக்கையில் ஒரு முறையும் தேவைப்படும்.

இந்நான்கு இடங்களிலும் நிபந்தனையைத் தனித்தனியே எழுதினால் தொடக்கத்தில் எச்சிக்கலும் இராது. பின்னர் ஒரு நாள், தவணை முடிந்தபின் மூன்று நாள் சலுகை தருவதென்று நூலகம் முடிவெடுக்கிறது. நிரலர் மூன்று இடங்களைத் திருத்திவிட்டு நான்காவதைத் தவறவிடுகிறார். இப்போது முகப்பு மேசையில் "நிலுவை ஏதுமில்லை" என்று காட்டும் வாசகருக்குத் தண்டத்தொகைச் சீட்டு போய்ச் சேர்கிறது. தரவுத்தளத்தில் பிழை இல்லை. நிரலும் தடங்கலின்றி ஓடுகிறது. விடைகள் மட்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பிழைச்செய்தி எதுவும் எழாததால் இவ்வகை வழுக்கள் நெடுநாள் கண்டறியப்படாமல் கிடக்கும். ஸ்கோப்பின் முதன்மையான பயன் தட்டச்சு மிச்சமாவது அன்று. ஒரு சொல்லுக்குச் செயலி முழுவதும் ஒரே பொருள் இருக்கச் செய்வதே அதன் பயன்.

நிபந்தனைக்குப் பெயரிடும் எண்ணம் ரெயில்ஸுக்கு மிக முந்தியது. உறவுசார் தரவுத்தளங்களில் "காட்சி" எனப்படும் வசதி இதையே செய்கிறது: ஒரு வினவலுக்குப் பெயரிட்டுத் தரவுத்தளத்திற்குள்ளேயே சேமித்து, அட்டவணை போலவே அதனை வினவலாம். ஆனால் பொதுவாகக் காட்சிகளுக்கு உள்ளீட்டு மதிப்புகளைக் கொடுக்க இயலாது; "இந்த நாளுக்கு முன்", "இந்தக் கிளையில்" போன்ற மாறும் நிபந்தனைகளை வெளியிலிருந்தே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் தரவுத்தளத்தின் அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வரலாறு

அட்டவணையின் ஒரு வரிசையை ஒரு பொருளாகக் கொண்டு, அதனைச் சேமிக்கும் வழியையும் அதன் நடத்தையையும் அப்பொருளிலேயே வைக்கும் வடிவமைப்புக்கு ஆக்டிவ் ரெக்கார்டு என்று பெயரிட்டு விளக்கியவர் மார்ட்டின் ஃபவுலர். நிறுவனச் செயலிகளின் கட்டமைப்பு பற்றி அவர் எழுதி 2002 இல் வெளியான நூலில் இவ்விளக்கம் இடம்பெற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹெய்னமையர் ஹான்சன் 2004 இல் வெளியிட்ட ரெயில்ஸ், இவ்வடிவமைப்பையும் அதன் பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

ரெயில்ஸின் முதற்பதிப்புகளில் பெயரிட்ட வடிப்பான்கள் இல்லை. வித் ஸ்கோப் என்ற செயற்கூறு ஒன்று இருந்தது. அதன் தொகுதிக்குள் எழுதப்படும் தேடல்கள் அனைத்திற்கும் குறிப்பிட்ட நிபந்தனை பொருந்தும். இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க ஒன்றினுள் ஒன்றாகத் தொகுதிகளை அடுக்க வேண்டும். மூன்றாவது அடுக்கு வருவதற்குள் நிரலைப் படிப்பதே பெரும்பாடாகிவிடும். இக்குறையை நீக்க நிக் காலன் என்பவர் ஹேஸ் ஃபைண்டர் என்ற சிறு நிரலகத்தை எழுதினார். அதன் கருத்தே 2.1 பதிப்பில் நேம்டு ஸ்கோப்பாக ரெயில்ஸுக்குள் சேர்க்கப்பட்டது. ஒரு தனி நிரலரின் கூடுதல் நிரலகம் சட்டகத்தின் மையத்திற்கே வந்து சேர்ந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

2009 இல் வெளியான 2.3 பதிப்பு இயல்புநிலை ஸ்கோப்பைக் கொணர்ந்தது. 3.0 பதிப்பில் வினவல்களைக் கட்டும் முறை முழுமையாக மாற்றி எழுதப்பட்டது. வினவலின் கூறுகளைச் சரமாக அன்றி மரவடிவில் வைத்துக்கொள்ளும் ஆரெல் என்ற நிரலகம் அடித்தளமாயிற்று. அதன் தொடக்க ஆசிரியரும் காலனே ஆவார். 2013 இல் வந்த 4.0 பதிப்பு ஸ்கோப்பின் உடலை அழைக்கத்தக்க பொருளாகவே எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இதன் காரணம் கீழே விளக்கப்பட்டுள்ளது. இரு வடிப்பான்களை "அல்லது" என்ற உறவால் இணைக்கும் வசதி, வியப்பளிக்கும் வகையில், 2016 இன் 5.0 பதிப்பில்தான் வந்தது.

செயற்படும் முறை

மாதிரி வகுப்பினுள் ஸ்கோப் என்ற சொல்லை எழுதி, அடுத்து வடிப்பானின் பெயரையும் நிபந்தனையைக் கொண்ட லாம்டாவையும் எழுதினால் வரையறை முடிந்தது. லாம்டா என்பது பெயரற்ற செயற்கூறு. எழுதப்பட்ட உடனே இயங்காமல், அழைக்கப்படும்போது மட்டும் இயங்குவது. அது உள்ளீட்டு மதிப்புகளையும் பெறலாம்.

ஸ்கோப்பை அழைத்தால் கிடைப்பது பதிவுகளின் பட்டியல் அன்று. "உறவு" எனப்படும் ஒரு பொருளே கிடைக்கும். இது இன்னும் தரவுத்தளத்திற்கு அனுப்பப்படாத வினவலின் வரைவாகும். இவ்வரைவின்மீது இன்னொரு ஸ்கோப்பை அழைக்கலாம். அதன் விடையின்மீது மற்றொன்றையும் அழைக்கலாம். எனவே இரவல் வகுப்பில் தவணை கடந்தவை, கிளைக்குரியவை, அண்மையில் நினைவூட்டப்படாதவை என்ற மூன்று ஸ்கோப்களை வரையறுத்தால், அவற்றைப் புள்ளியிட்டுத் தொடுத்து "இக்கிளையில் தவணை கடந்து, இன்னும் நினைவூட்டல் பெறாத இரவல்கள்" என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். மூன்று நிபந்தனைகளும் "மற்றும்" என்ற உறவால் இணைந்து ஒரே எஸ்.க்யூ.எல் கூற்றாக, பதிவுகள் உண்மையில் தேவைப்படும் கணத்தில் மட்டுமே தரவுத்தளத்தைச் சென்றடையும். எண்ணிக்கை மட்டும் கேட்கப்பட்டால் எண்ணும் கூற்றே செல்லும். பதிவுகள் நினைவகத்திற்கு வாரா.

ரூபி மொழி 1.9 பதிப்பு முதல் ஒருங்குறி எழுத்துகளைப் பெயர்களில் ஏற்பதால், ஸ்கோப்பின் பெயரைத் தமிழிலேயே எழுதினாலும் அது இயங்கும். வகுப்பின் பெயரை மட்டும் அவ்வாறு எழுத முடியாது. ரூபியில் அது பேரெழுத்தில் தொடங்க வேண்டும். தமிழிலோ பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாடே கிடையாது.

உறைந்த காலம்

ஸ்கோப் பற்றிய வழுக்களுள் மிகவும் பெயர்பெற்றது இது. 4.0 பதிப்புக்கு முன் லாம்டா இல்லாமலும் ஸ்கோப்பை வரையறுக்க முடிந்தது. "திருப்பித் தரும் நாள் இன்றைய நாளுக்கு முந்தையது" என்ற நிபந்தனையை அவ்வாறு நேரடியாக எழுதினால், "இன்று" என்பதன் மதிப்பு வகுப்பு ஏற்றப்படும் கணத்தில் ஒரே ஒரு முறை கணக்கிடப்பட்டு அப்படியே நிலைத்துவிடும். திங்களன்று வழங்கியில் செயலி தொடங்கப்பட்டால், வெள்ளியன்றும் அதற்குத் திங்கட்கிழமைதான். செவ்வாய் முதல் தவணை கடந்த நூல்கள் ஒன்றும் பட்டியலில் வாரா.

இவ்வழுவின் கொடுமை, அது நிரலரின் கணினியில் தென்படாததே ஆகும். உருவாக்க நிலையில் ரெயில்ஸ் வகுப்புகளைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்வதால் நாளும் புதுப்பிக்கப்பட்டு எல்லாம் சரியாக இயங்கும். சோதனை நிரல்கள் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் அவற்றிலும் பிடிபடாது. மெய்யான பயனர்கள் இருக்கும் வழங்கியில் மட்டும், அதுவும் ஒரு நாள் கழிந்த பின்னரே, விடை தவறத் தொடங்கும். யாராவது முறையிட்டு, நிரலர் திருத்தம் செய்து வழங்கியை மறுதொடக்கம் செய்தால், திருத்தம் தவறாக இருந்தாலும் சிக்கல் அன்றைக்குத் தீர்ந்தது போலவே தோன்றும். லாம்டாவைக் கட்டாயமாக்கிய 4.0 பதிப்பின் முடிவு இவ்வழியை முற்றாக அடைத்தது. பழைய செயலிகளை மேம்படுத்துவோர்க்கு அது தொல்லையாக இருந்தாலும், முடிவு சரியானதே.

வெறுமை தரும் விடை

சாதாரண வகுப்புச் செயற்கூறாலும் ஸ்கோப்பின் பணியைச் செய்யலாம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே எனினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. ஸ்கோப்பின் உடல் நில் எனப்படும் வெறுமையைத் திருப்பினால், ரெயில்ஸ் அதற்கு ஈடாக எல்லாப் பதிவுகளையும் குறிக்கும் உறவைத் தருகிறது. வகுப்புச் செயற்கூறு வெறுமையையே தரும்.

இது நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டது. தேடல் படிவத்தில் பயனர் ஆசிரியர் பெயரை நிரப்பாமல் விட்டால், "ஆசிரியரால் வடிகட்டு" என்ற ஸ்கோப் ஒன்றும் செய்யாமல் நகர வேண்டும். தொடர் அறுபடக் கூடாது. ஆனால் இதே இயல்பு, ஒரே ஒரு பதிவைத் தேடித் தரும் செயற்கூறை ஸ்கோப்பாக எழுதுபவரைக் கவிழ்த்துவிடும். கடவுச்சொல் மீட்புக் குறியீட்டைக் கொண்டு பயனரைத் தேடும் ஸ்கோப் ஒன்றைக் கருதுக. அக்குறியீடு எவருக்கும் உரியதன்று எனில் உடல் வெறுமையைத் திருப்பும்; ஸ்கோப்போ பயனர் அனைவரையும் தந்துவிடும். அழைக்கும் நிரல் அதில் முதலாமவரை எடுத்துக்கொண்டால், பொய்யான குறியீட்டைக் கொடுத்தவர் முதற்பயனரின் கணக்கில் நுழைந்துவிடுவார். பல செயலிகளில் முதற்பயனர் நிர்வாகியாகவே இருப்பார். ஆகவே பல பதிவுகளைக் குறிக்கும் வரைவைத் தருவதற்கே ஸ்கோப். ஒற்றைப் பதிவைத் தேட வகுப்புச் செயற்கூறு. எதையும் தரக்கூடாத நிலையில், வெறுமையைத் திருப்பாமல், 4.0 இல் சேர்க்கப்பட்ட "ஒன்றுமில்லை" என்ற உறவைத் திருப்ப வேண்டும்.

இயல்புநிலை ஸ்கோப்

பெயர் சொல்லி அழைக்காமலேயே ஒரு மாதிரி வகுப்பின் வினவல்கள் அனைத்திலும் தானாகச் சேரும் வடிப்பான் இயல்புநிலை ஸ்கோப் ஆகும். நீக்கப்பட்ட பதிவுகளை உண்மையில் அழிக்காமல், நீக்கிய நாளை மட்டும் குறித்து மறைத்து வைக்கும் "மென் நீக்கம்" என்ற முறைக்கு இது ஏற்றதாகத் தோன்றும். ஒரு வரி எழுதினால் நீக்கப்பட்ட நூல்கள் செயலி முழுவதும் மறைந்துவிடும். இவ்வசதி பற்றியே ரெயில்ஸ் நிரலரிடையே மிகுதியான விவாதங்கள் நிகழ்ந்துள்ளன.

முதற்சிக்கல், மறைப்பு எங்கெங்கு பரவும் என்பதை முன்கூட்டி அறிவது கடினம். ஓர் இரவலிலிருந்து அதற்குரிய நூலைக் கேட்கும்போதும் இந்த வடிப்பான் பொருந்தும். நூல் மென் நீக்கம் செய்யப்பட்டிருந்தால் வெறுமையே கிடைக்கும். பழைய இரவல்களின் பட்டியலில் நூலின் தலைப்பை அச்சிடும் பக்கம் அதனால் முறிந்துபோகும். மறுபுறம், மதிப்பு தனித்ததா என்று சரிபார்க்கும் வசதி இயல்புநிலை ஸ்கோப்பைக் கருத்தில் கொள்வதில்லை. எனவே நீக்கப்பட்ட நூலின் வரிசை எண்ணை மீண்டும் பதிய முயலும் நூலகர், "இவ்வெண் முன்பே உள்ளது" என்ற செய்தியைப் பெறுவார். தேடினாலோ அப்படியொரு நூலே கிட்டாது.

அடுத்து, நிபந்தனை ஹேஷ் வடிவில் எழுதப்பட்டிருந்தால் அது புதிய பதிவுகளின் தொடக்க மதிப்பாகவும் அமைந்துவிடும். "வெளியிடப்பட்டவை மட்டும்" என்ற இயல்புநிலை ஸ்கோப் கொண்ட வகுப்பில் புதிதாக உருவாகும் வரைவுக் கட்டுரை, எவரும் சொல்லாமலே வெளியிடப்பட்டதாகப் பிறக்கும். வரிசைப்படுத்தலை இயல்புநிலையில் வைத்தால், பின்னர் சேர்க்கும் வரிசைமுறை அதனை மாற்றாது. அதன் பின்னே இரண்டாவதாகவே ஒட்டிக்கொள்ளும்.

இதிலிருந்து தப்ப அன்ஸ்கோப்டு என்ற செயற்கூறு உண்டு. அது வேண்டாத ஒன்றை மட்டும் களையாமல் எல்லா வடிப்பான்களையும் களைந்துவிடும். ஒரு வாசகரின் இரவல்கள் என்ற தொடர்பின்மீது அதனை அழைத்தால் "அவ்வாசகருடையவை" என்ற நிபந்தனையும் சேர்ந்தே போய், எல்லா வாசகரின் இரவல்களும் திரையில் வந்து நிற்கும். யார் எந்நூலைப் படிக்கிறார் என்பது அந்தரங்கமான செய்தி. குறிப்பிட்ட ஒரு நிபந்தனையை மட்டும் நீக்கும் அன்ஸ்கோப் என்ற செயற்கூறு 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. பெயரில் ஓர் எழுத்தே வேறுபாடு என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

மென் நீக்கத்திற்குப் பெரிதும் பயன்பட்ட பாரனோயா என்ற நிரலகம் இயல்புநிலை ஸ்கோப்பை அடிப்படையாகக் கொண்டது. அதன் அறிமுகக் குறிப்பே புதிய திட்டங்களுக்கு அதனைப் பரிந்துரைக்காமல் டிஸ்கார்டு என்ற மாற்று நிரலகத்தைச் சுட்டுகிறது. டிஸ்கார்டில் "வைத்திருப்பவை", "நீக்கப்பட்டவை" என்பன வெளிப்படையாகப் பெயர் சொல்லி அழைக்க வேண்டிய ஸ்கோப்கள். கூடுதலாக ஒரு சொல் எழுத வேண்டியிருந்தாலும், நிரலைப் படிப்பவருக்கு எது வடிகட்டப்படுகிறது என்பது கண்முன் தெரியும். ஒரே தரவுத்தளத்தில் பல வாடிக்கையாளரின் தரவுகளைப் பிரித்து வைக்கும் செயலிகளில், பிரிவினையை ஸ்கோப்பை மட்டும் நம்பி விடுவது துணிச்சலான செயலே. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளம் 2016 இல் வெளியான 9.5 பதிப்பு முதல் வரிசை அளவிலான பாதுகாப்பை வழங்குகிறது. நிரலர் ஓரிடத்தில் மறந்தாலும் தரவுத்தளமே தடுத்துவிடும்.

இணைத்தலும் சேர்த்தலும்

ஓர் அட்டவணையின் ஸ்கோப்பை மற்றொன்றை வினவும்போதும் பயன்படுத்தலாம். "தவணை கடந்த இரவல் உடைய வாசகர்கள்" என்பதற்கு, வாசகரை இரவலோடு இணைத்து, இரவலின் ஸ்கோப்பை மெர்ஜ் என்ற செயற்கூறால் சேர்த்தால் போதும். நிபந்தனையை வாசகர் வகுப்பில் மறுபடி எழுத வேண்டியதில்லை. தொடுத்தலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரே நெடுவரிசை பற்றிய இரு ஸ்கோப்களைத் தொடுத்தால் இரண்டும் "மற்றும்" என இணையும். மெர்ஜ் செய்தால் பின்னது முன்னதை நீக்கிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும்.

இணைத்தலின்போது நிபந்தனைகளைச் சரமாக எழுதும் பழக்கமும் காலை வாரும். இரு அட்டவணைகளிலும் "உருவான நாள்" என்ற நெடுவரிசை இருக்கையில், அட்டவணைப் பெயரின்றி எழுதிய நிபந்தனையைத் தரவுத்தளம் ஐயத்திற்குரியது என்று மறுக்கும். ஹேஷ் வடிவில் எழுதினால் அட்டவணைப் பெயரை ரெயில்ஸே சேர்த்துக்கொள்ளும். சரத்தினுள் பயனர் தந்த மதிப்பை நேரடியாகப் பொருத்துவது எஸ்.க்யூ.எல் ஊடுருவலுக்கு வழி திறக்கும் என்பதால், அங்கே இடங்குறிகளையே பயன்படுத்த வேண்டும்.

வேகம்

ஸ்கோப் வினவலை அழகாக்கும், விரைவாக்காது. அடிக்கடி அழைக்கப்படும் வடிப்பானுக்கு ஏற்ற சுட்டுவரிசை தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். திரும்பி வராத இரவல்கள் மொத்தத்தில் சிறு பகுதியே என்றால், அவற்றுக்கு மட்டும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் பகுதிச் சுட்டுவரிசை அமைப்பது மிகுந்த பயன் தரும்.

நூறு வாசகரின் இரவல்களை முன்னதாகவே ஏற்றி வைத்திருந்தாலும், சுற்றின் உள்ளே ஒவ்வொரு வாசகரின் இரவல்கள்மீதும் ஸ்கோப்பை அழைத்தால் நூறு புதிய வினவல்கள் செல்லும். ஏற்றி வைத்தவை வீணாகும். ஸ்கோப் எப்போதும் தரவுத்தளத்தையே கேட்கும். நினைவகத்தில் உள்ளதை அது வடிகட்டாது. "தவணை கடந்த இரவல்கள்" என்பதையே தனித் தொடர்பாக வாசகர் வகுப்பில் வரையறுத்து, அதனை முன்னேற்றம் செய்வது இதற்குத் தீர்வு.

எங்கே வைப்பது

சிறிய செயலியில் ஸ்கோப்கள் மாதிரி வகுப்பிலேயே இருப்பது நன்று. பல வகுப்புகளுக்குப் பொதுவானவற்றை, எடுத்துக்காட்டாக மென் நீக்க ஸ்கோப்களை, கன்சர்ன் எனப்படும் கூறில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு வகுப்பு பெரிதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அதன் ஸ்கோப்களை வேறு கோப்புக்கு நகர்த்துவதால் பயன் குறைவு. தேடும் இடம்தான் கூடும். ஓர் அறிக்கைக்கு மட்டுமே தேவைப்படும், பல அட்டவணைகளைத் தொடும் நீண்ட வினவலைத் தனி வகுப்பாக எழுதலாம். ஃபவுலரின் நூலில் வினவல் பொருள் என்ற பெயரில் விளக்கப்பட்டுள்ள வடிவமைப்பும் இத்தகையதே.

பெயர்கள் செயலியின் துறைச் சொற்களாக அமைவது சிறப்பு. "நிலை இரண்டு" என்பதைவிடத் "தவணை கடந்தவை" என்பது நூலகருக்கும் புரியும். ஆக்டிவ் ரெக்கார்டில் முன்பே உள்ள வகுப்புச் செயற்கூறுகளின் பெயரைச் சூட்டினால் ரெயில்ஸ் பிழை எழுப்பித் தடுக்கும். 2014 இன் 4.1 பதிப்பில் வந்த ஈனம் வசதி, நிலைகளின் பட்டியலைத் தந்தால் ஒவ்வொன்றுக்கும் தானாகவே ஒரு ஸ்கோப்பை உண்டாக்கிவிடுவதால், பெயர் மோதல்கள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன.

பிற சட்டகங்களில்

பைத்தான் மொழியில் அமைந்த ஜாங்கோ 2005 இல் பொதுவெளிக்கு வந்தது. அதில் வடிப்பான்களை மேலாளர் என்ற வகுப்பில் எழுதுவது வழக்கம். ஆனால் மேலாளரின் செயற்கூறு திருப்பித் தருவது வினவல் தொகுதி ஆகையால், அதன்மீது மேலாளரின் இன்னொரு செயற்கூறை அழைக்க முடியாமல் தொடர் முதலடியிலேயே அறுந்தது. நிரலர்கள் ஒரே செயற்கூறை இரு வகுப்புகளிலும் எழுதி வந்தனர். திரும்ப எழுதுவதைத் தவிர்க்க வந்த வசதியே திரும்ப எழுத வைத்தது. 2014 இல் வெளியான 1.7 பதிப்பு, வினவல் தொகுதி வகுப்பிலிருந்தே மேலாளரை உருவாக்கும் வழியைத் தந்து இதனைத் தீர்த்தது. "அல்லது", "அன்று" என்ற உறவுகளுக்கு ஜாங்கோவில் க்யூ பொருள்கள் தொடக்கக் காலந்தொட்டே உள்ளன. இவ்வகையில் அது ரெயில்ஸைவிட முந்திக்கொண்டது.

பி.எச்.பி மொழியில் அமைந்த லாராவெலில், பெயர் ஸ்கோப் என்று தொடங்கும் செயற்கூறை மாதிரி வகுப்பில் எழுதி, அம்முன்னொட்டை விட்டுவிட்டு அழைக்கும் மரபு உள்ளது. ரெயில்ஸின் இயல்புநிலை ஸ்கோப்புக்கு நிகரானது அங்கே முழுதளாவிய ஸ்கோப் எனப்படுகிறது. வடிப்பான்களை "அல்லது" என்று இணைக்கும்போது அவற்றை ஒரு குழுவாக அடைத்து எழுத வேண்டும். எஸ்.க்யூ.எல் மொழியில் "மற்றும்" என்பது "அல்லது" என்பதைவிட முன்னுரிமை உடையது; அடைப்பு விடுபட்டால், முன்னே எழுதிய "இக்கிளைக்குரியவை மட்டும்" என்ற வேலியைத் தாண்டிப் பிற கிளைகளின் பதிவுகளும் உள்ளே வந்துவிடும்.